தயிரை விட்டவர்

என் கணவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டிய வருஷத்தைப் பற்றி எழுதப் போகிறேன். நாங்கள் என்றால் நான், பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன், அவருடைய சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த டாக்டர். இதில் பெரிய பங்கு என்னுடையது. இருபத்தாறு வருஷம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். எட்டாம் வகுப்புக்கு வைட்டமின் அட்டவணை நடத்தியவள். ஏ குறைந்தால் மாலைக்கண், சி குறைந்தால் ஸ்கர்வி, டி குறைந்தால் ரிக்கெட்ஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி என்பார்களே, அந்தப் பல்லி நான்தான்.

அவர் தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்தில் மிராசு என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு நிலம் இருந்ததாம். எனக்குக் கல்யாணமாகி வந்தபோது ஒரு ஏக்கர் சொச்சம்தான் மிச்சம், அதுவும் குத்தகையில். ஆனால் மற்றவர்கள் நிலத்தையெல்லாம் அவர் உள்ளங்கை மாதிரி அறிவார். எந்த ஊரில் எந்தப் புல எண்ணுக்கு வடக்கே எந்த வாய்க்கால் போகிறது என்று காகிதத்தைப் பார்க்காமல் சொல்லுவார். ஓய்வுக்குப் பிறகும் வரப்புத் தகராறு என்றால் ஆட்கள் புலப்படத்தைத் தூக்கிக்கொண்டு தாராசுரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். பிடிவாதக்காரர். எல்லைக்கல்லை நட்டபிறகு நகர்த்தக் கூடாது என்பதை நிலத்தோடு நிறுத்தாமல் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டவர்.

அவர் ஓய்வு பெற்ற மறுவருஷம் கும்பகோணத்திலிருந்து ஒரு கூட்டத்தோடு காசிக்குப் போனோம். அங்கிருந்து கயா. கயாவில் பித்ரு காரியம் முடிந்ததும் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம்.

"ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை. இனிமே ஆயுசுக்கும் தொடக் கூடாது. உங்களுக்குப் பிடிச்சதா இருந்தா விசேஷம்" என்றார் அங்கிருந்த தமிழ்ப் புரோகிதர்.

பிடித்ததை விடுவது சாஸ்திரம், பிடிக்காததை விட்டுவிட்டு வருவது நம் சாமர்த்தியம். நான் கொத்தவரங்காயை விட்டேன். எனக்கு அது சின்ன வயசிலிருந்தே ஆகாது. எங்களோடு வந்த ஓர் அம்மாள் ஸ்ட்ராபெரியை விட்டார். "அய்யோ, நாளைக்கு எங்க வீட்டுல டிபனுக்கு என்ன பண்ணுவேன்!" என்று அவரே சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். என் கணவர் மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டு நின்றார்.

"தயிர்" என்றார்.

"தயிர் காயும் இல்ல, பழமும் இல்லயே" என்றார் புரோகிதர்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதாங்க. பிடிச்சதை விடுறதுக்குத்தானே இவ்வளவு தூரம் ரயில்ல வந்தோம்?"

அவருக்குத் தயிர் எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் தயிர் சாதம் சாப்பிடாமல் எழுந்தால் சாப்பாடே கணக்கில் வராது. அவரோ குழம்புச் சாதத்தைக்கூடத் தயிருக்குப் போகும் வழி என்று நினைத்துச் சாப்பிடுகிறவர். ரயிலில் திரும்பும்போது நான் சண்டை போட்டேன். அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். தயிர் என்றால் பாலும்தானே, பால் இல்லாமல் தயிர் ஏது என்று பால், மோர், நெய், காபி எல்லாவற்றையும் சேர்த்து விட்டார். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். காலையில் சுக்குமல்லிக் காபி, கருப்பட்டி போட்டு. கல்யாண வீடுகளில் மோர் வருவதற்குள் இலையை மடித்துவிடுவார். "ஐயா கோவிச்சுக்கிட்டாரா? பந்தியில ஏதாவது குறையா?" என்று பெண் வீட்டுக்காரர்கள் பதறிப்போய் என்னிடம் வந்து கேட்பார்கள்.

நாங்கள் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வந்ததில்லை. பாலும் போனால் சத்துக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்காமல் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. ஒரு தாளில் கட்டம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளுருண்டையும். இரும்புக்கு முருங்கைக்கீரை, அந்த இரும்பு உடம்பில் ஒட்டுவதற்குக் கூடவே நெல்லிக்காய். ஏ-க்குப் பரங்கிக்காய். தவிட்டிலிருக்கிற பி போய்விடக் கூடாதென்று நெல்லை மில்லில் சொல்லிப் பாலிஷ் போடாமல் அரைத்து வாங்கினேன். கீரை இல்லாத நாளே கிடையாது. பார்க்க வந்த உறவுக்காரர்களிடம் அந்தத் தாளைக் காட்டி வகுப்பே நடத்தியிருக்கிறேன். "டீச்சர் இருக்கற வீட்டுல சத்துக்கு என்ன குறைச்சல்?" என்று அவர்களும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கேலிக்கு ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

நாலு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வருஷம் நாக்கு எரிகிறது என்றார். ரசத்தில் மிளகைக் குறைத்தேன். பிறகு ஒருநாள் சாயங்காலம் கோயில் புல்வெளியைச் சுற்றி நடந்துவிட்டு ஒரு காலில் மட்டும் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இன்னொரு செருப்பைக் கோயில் காவலாளி பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்தார்.

"கழண்டது தெரியலையா உங்களுக்கு?"

"கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது" என்றார் அவர், ஏதோ வேடிக்கை மாதிரி.

குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுவார். குழாயைப் பிடித்துக்கொள்வார். சர்க்கரை டாக்டரிடம் போனோம். சர்க்கரை நரம்பைப் பாதிக்கும், வயசும் ஆகிறது, சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடுங்கள் என்றார். வாங்கினோம். அதையும் ஒருநாள் தெருமுனையில் விட்டுவிட்டு வந்தார்.

அப்புறம்தான் மறதி. சாவி, கண்ணாடி என்று ஆரம்பித்தது. அவருடைய அளவுச் சங்கிலியை நான் ஒளித்து வைத்திருப்பதாகச் சண்டைக்கு வந்தார். எனக்கும் சுருக்கென்று கோபம் வருகிற சுபாவம். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். பட்டீஸ்வரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி புலப்படத்தோடு வந்தார், வழக்கம்போல வரப்புத் தகராறு. இவர் படத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, "இதுல வடக்கு எது?" என்று கேட்டார். வந்தவர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஒருநாள் காலையில் அவருக்குக் கேழ்வரகுக் கூழை டம்ளரில் ஆற்றிக்கொண்டு போய் நீட்டினேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னார்:

"உக்காருங்க. நீங்க சாப்பிட்டீங்களா? டீச்சர் இப்ப வந்துடுவா."

முப்பத்தாறு வருஷத்தில் அவர் என்னை ஒருமுறைகூட 'நீங்க' என்று சொன்னதில்லை. டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றேன். பயமாக இருந்தது. அவரை நினைத்தா, என்னை நினைத்தா என்று கேட்டால் என்னை நினைத்துத்தான்.

மகன் இரண்டு நாள் லீவு போட்டு வந்து பார்த்தான். டிமென்ஷியா என்றான். சர்க்கரை டாக்டரும் இருக்கலாம் என்று தலையாட்டினார். அவன் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லம் விசாரித்து வைத்திருந்தான். நர்சு உண்டு, இந்த மாதிரி மறதிக்காரர்களுக்குத் தனிப் பகுதி உண்டு, வெளியே போக முடியாதபடி கதவு உண்டு. தை பிறக்கும்வரை அறையை வைத்திருப்பார்களாம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து இருக்கிற அறையும் இருக்கிறது என்றான். நான் வரவில்லை, அவருக்கு மட்டும் போதும் என்றேன். எனக்கு இங்கே வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, காதுக்கு எட்டும் தூரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டு, ராத்திரி பகல் அவரைக் காவல் காத்துக் காத்து நான் ஓய்ந்து போயிருந்தேன். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், அப்போது எனக்கு அவர் போனால் போதும் என்றிருந்தது.

அவன் பெங்களூர் போனபிறகு ஒரு மத்தியானம் போனில் கூப்பிட்டான். என்னை யோசித்துச் சொல்லச் சொன்னான். அவர் பக்கத்து நாற்காலியில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? கூட்டிக்கிட்டுப் போய் விட்டுடு. நான் யாருன்னே தெரியல இவருக்கு. இப்படி இருக்கறதுக்கு சாமி கூப்பிட்டுக்கிட்டா அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அம்மா, அப்பா பக்கத்துல இல்லல்ல?" என்றான்.

"இருக்காரு. இருந்தா என்ன? செவுரும் ஒண்ணுதான், அவரும் ஒண்ணுதான்."

இதை மாற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அந்த இல்லத்தில் சேர்ப்பதற்கு ரத்தப் பரிசோதனையும் ஒரு பொது மருத்துவரின் சான்றிதழும் வேண்டும். சர்க்கரை டாக்டர் ஊரில் இல்லாததால் கும்பகோணத்தில் புதிதாக வந்திருந்த ஒரு பெண் டாக்டரிடம் போனோம். சின்ன வயசு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் நாக்கை நீட்டச் சொன்னாள். பீட்ரூட் தோலை உரித்த மாதிரி சிவந்து வழவழவென்று இருந்தது. இத்தனை நாள் அந்த நாக்கை நான் பார்த்ததில்லை. அதிரும் கம்பி ஒன்றைக் கால் கட்டைவிரலில் வைத்து, தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை. கால்களைச் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். சாய்ந்தார். நர்சு பிடித்துக்கொண்டாள்.

"என்ன சாப்பிடுவாரும்மா?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் என்று குளிர்சாதனப் பெட்டிக் கதவை அப்படியே ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பால்?"

"குடிக்க மாட்டாரு."

"தயிர், மோர்?"

"காசிக்குப் போனப்ப விட்டுட்டாரு."

"முட்டை, மீன்?"

"நாங்க சைவங்க."

"எத்தனை வருஷமா பால் தயிர் இல்ல?"

"ஆறு."

பேனாவைக் கீழே வைத்தாள். எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அட்டவணையின் அடியில் ஒரு வரி உண்டு. பி12: ஈரல், இறைச்சி, முட்டை, பால். பரீட்சைக்கு அந்த வரி அவ்வளவாக வராது. அதனால் வேகமாக வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் வாசித்தேன்.

ரத்தத்தில் அதைத் தனியாகப் பார்த்தார்கள். மெஷின் காட்டக்கூடிய அளவுக்கும் கீழே இருந்தது. மறுநாள் அவள் விளக்கமாகச் சொன்னாள்.

"இது எந்தக் கீரையிலயும் கிடையாதும்மா. பால்ல இருந்து கொஞ்சம் கிடைச்சுக்கிட்டிருந்தது, அதுவும் நின்னுபோச்சு. உடம்புல இருந்த இருப்பு சில வருஷம் தாங்கியிருக்கு. போதாததுக்கு சர்க்கரை மாத்திரையும் இதை உடம்புல சேரவிடாது. நீங்க கீரை நிறைய குடுத்ததால ரத்தம் ஓரளவு சமாளிச்சிருச்சு. சோகை பெருசா வெளியில தெரியல. ஆனா நரம்பு உள்ளுக்குள்ளயே கெட்டுக்கிட்டு வந்திருக்கு."

ஆக, என் கீரை அவரைக் காப்பாற்றவில்லை. நோயைத்தான் மூடி மறைத்திருக்கிறது.

"நீங்க என்னம்மா வேலை பார்த்தீங்க?"

"டீச்சர்."

"என்ன சப்ஜெக்ட்?"

"கணக்கு" என்றேன்.

அப்படியொரு பொய்யை நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆட்டோவில் திரும்பும்போது அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

புத்தி திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் நிச்சயமாக ஒன்றும் சொல்லவில்லை. முழுசாகவும் திரும்பலாம், அரைகுறையாகவும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், எத்தனை நாள் விட்டுவிட்டோம் என்பதைப் பொறுத்தது, இரண்டு மூன்று மாதம் பார்க்கலாம் என்றாள். அப்போது ஐப்பசி. மகனிடம் சொன்னேன். "தை வரைக்கும் டைம் இருக்கும்மா. அதுக்குள்ள சரியானா ரூமை விட்டுடலாம். ஆகலேன்னா..." என்றான்.

அடுத்த தெருவில் இருக்கும் நர்சு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து ஊசி போட்டாள். மருந்து ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தும் போட்டுவிட்டுப் போனாள். எனக்குத்தான் பொறுமை இல்லை. ஊசியோடு தயிரும் சேர்ந்தால் சீக்கிரம் ஆகாதா? அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று ஒருநாள் ரசம் சாதத்தில் இரண்டு கரண்டித் தயிரைக் கலந்து பிசைந்து வைத்தேன். ஒரு வாய் எடுத்து வாய்வரை கொண்டு போனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"தயிரு" என்றார். "நான் விட்டுட்டேங்க."

என் பேர் மறந்தவருக்கு, நான் மனைவி என்பதே மறந்தவருக்கு, அது மட்டும் மறக்கவில்லை. எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வேறு சாதம் போட்டு எடுத்து வந்தேன்.

நாலு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. நான் மனசுக்குள் அவருடைய பெட்டியை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு ஸ்வெட்டர் வேண்டும், கோயம்புத்தூரில் குளிரும். ஐந்தாவது வாரம் நாக்கு எரிச்சல் நின்றது. அதற்கடுத்த வாரம் ஒருநாள் காலையில் நான் சமையற்கட்டில் இருக்கும்போது கூடத்திலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், மேட்டூர்ல நேத்து எவ்வளவு இருந்துச்சு? இன்னிக்கு ஏறியிருக்கே!"

பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கரண்டியோடு போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் இப்படி எளச்சுப் போயிட்ட?"

ஓவென்று அழுதுவிட்டேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. "அடடா, தண்ணி ஏறினா சந்தோஷப்படணும், எதுக்கு அழுவுற?" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒருநாள் நன்றாக இருப்பார், மறுநாள் மறுபடியும் மங்கிவிடும். சாண் ஏறினால் முழம் சறுக்கும். ஆனால் மார்கழி பாதிக்குள் சறுக்கல் குறைந்துவிட்டது. பட்டீஸ்வரத்து விவசாயி விஷயம் கேள்விப்பட்டு மறுபடியும் புலப்படத்தோடு வந்தார். இவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "உங்க பக்கத்து வயக்காரர் சொல்றதுதாங்க சரி. அந்த ஒன்பது லிங்க், ஆறடி அகலம், அவருக்குத்தான் சேரும்" என்றார். அந்த மனிதர் படத்தை மடித்துக்கொண்டே என்னிடம் மெதுவாக, "ஐயா இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு சரியாகியிருக்கலாம்" என்றார். நான் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

கால் மரத்துப் போனது மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் செருப்பை வாரோடு இறுக்கித்தான் போடுகிறார். மாதம் ஒருமுறை ஊசி. தயிரைப் பற்றி டாக்டரே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "ஊசி போட்டுக்கறேம்மா. அதை விட்டது விட்டதுதான்" என்று முடித்துவிட்டார்.

அவர் தேறத் தேற எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அந்த மாதங்களில் நடந்தது அவருக்கு எவ்வளவு தெரியும்? பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். துண்டு துண்டாக ஞாபகம் இருக்கிறது, பாதி கனவு மாதிரி என்றார். எந்தத் துண்டு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கு வெந்நீர் போட்டு வைத்தேன், துண்டை எடுத்துக் கொடுத்தேன், கேட்காமலே அடை வார்த்தேன். "என்ன டீச்சர், கவனிப்பு பலமா இருக்கு? ஏதாவது தப்புப் பண்ணிட்டியா?" என்று கேலி செய்தார். நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

பொங்கலுக்கு மகன் வந்தான். அப்பாவை நேரில் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று பேரும் இலை போட்டுச் சாப்பிட்டோம். பொங்கலில் அவருக்கென்று நெய் இல்லாமல் தனியாக எடுத்து வைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்து இலையை மடித்தபடி அவர் சாதாரணமாகக் கேட்டார்:

"கோயம்புத்தூர் ரூம் என்னாச்சு?"

நாங்கள் அவரிடம் கோயம்புத்தூரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகன் என்னைப் பார்த்தான், நான் இலையைப் பார்த்தேன். "வேணாம்னு சொல்லியாச்சுப்பா" என்றான்.

"சரி. வேற யாராவது வயசானவங்களுக்கு ஆகட்டும்" என்று எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் மகன் ஊருக்குக் கிளம்பிப் போனதும் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். இனிமேல் தாங்காது என்று தோன்றியது.

"அன்னிக்கு நான் போன்ல பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. "கேட்டுச்சு" என்றார்.

"எல்லாமா?"

"சாமி கூப்பிட்டுக்கிட்டா நல்லதுன்னியே, அதுவும்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுலபம். "அப்பவே ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். வார்த்தை சிக்கல. நீ தாகம்னு நெனச்சுத் தண்ணி குடுத்த. குடிச்சேன்."

"என்ன சொல்ல வந்தீங்க?"

வார்த்தைகளை அவர் இப்போதும் கொஞ்சம் தேடித்தான் எடுக்கிறார்.

"போக மாட்டேன்னு சொல்ல வரல. நீயும் கூட வருவியான்னு கேக்க வந்தேன்."

தலையை ஆட்டினேன். வருவேன் என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் அவருக்கு மட்டும்தான் அறை கேட்டிருந்தேன் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இதை அவர் படிப்பார். ஒரு வரி விடாமல் படிக்கிற அளவுக்கு இப்போது தேறிவிட்டார்.